பிளஸ் ஒன் பையன் இன்ஸ்டா பயோவில் சாதிப் பெயர் போட்டிருக்கிறான், நடவுக்கு வர வெட்கப்படுகிறான். எல்லாம் ரீல்ஸ் வேலையா? போனைப் பிடுங்கிவிடலாமா?

கேட்டிருப்பவர் மன்னார்குடிப் பக்கத்துத் தகப்பனார். வயலுக்குக் கூப்பிட்டால் பையன் "யாராச்சும் வீடியோ எடுத்துடுவாங்கப்பா" என்கிறானாம். கேள்வியின் சாரமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

உழவு கேவலம் என்று எந்த ரீலும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை. அவனைப் பார்க்கிற கண்கள் மாறிவிட்டன. உங்கள் வயதில் உங்களைப் பார்த்தது தெருவும் பங்காளிகளும் களத்துமேடும். காலில் சேறு அவர்களுக்குப் புதுசு இல்லை. அவன் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருப்பது சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் முகம் தெரியாத சில நூறு பேர். மதிப்பீடு பெரும்பாலும் இப்படித்தான் நகரும்: யார் முன்னால் நிற்கிறோம் என்பது முதலில் மாறும், எதற்கு வெட்கப்படுவது என்பது பின்னாலேயே வரும்.

ஊடகம் காவிரி டெல்டாவை மாற்றுவது புதுசும் இல்லை. 1960களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சாவூர் ஜில்லாவில் பரவியபோது, திருச்சி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டதால் ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். "அது நம்ம மண்ணுக்கு ஆவாது" என்று சொல்ல ஒரு பெரியவரும் இருப்பார். 1993இல் சன் டிவி வந்தபோதும் பார்த்தது கூடத்தில்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, 2020 ஜூன் 29இல் டிக்டாக் தடையாகி, அடுத்த மாதமே ரீல்ஸ் இங்கே இறங்கியபோது அந்தக் கூடம் இல்லாமல் போனது. காதில் இயர்போன், கையில் திரை, மறுத்துப் பேச ஆள் இல்லை.  

சாதி ரீல் விஷயத்துக்குத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். அதன் அமைப்பைப் பாருங்கள். பதினைந்து வினாடி. கோயில் திருவிழா ஃப்ளெக்ஸ் முன்னால் நாலு பைக், தோளில் ஒரே நிறத் துண்டு, ஸ்லோமோஷனில் நடை, பின்னணியில் ஏதோ ஒரு சினிமா வசனம். சாதிப் பெயர் எங்கும் வராது. துண்டின் நிறமும் ஹேஷ்டேகும் சொல்லிவிடும். கமெண்டில் முதல் கேள்வி "எந்த ஊரு பங்கு?" பதில் சொன்னவனுக்கு இருபது ஹார்ட். வீட்டில் மார்க்குக்காகத் திட்டு வாங்கும் பதினாறு வயசுப் பையனுக்கு, ஒன்றுமே செய்யாமல் கிடைக்கிற மரியாதை அது. நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றது. கயிறு கையிலிருந்து கழன்று பயோவுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி ரீல் அவனைத் தேடி வருவதற்குக் காரணம் இன்ஸ்டாகிராம் போடும் கணக்கு. ஒரு ரீலை மேலே தூக்குவது முக்கியமாக மூன்று என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார்: பார்த்த நேரம், லைக், இன்னொருவருக்கு அனுப்புவது. புதிய ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்புவதற்கு எடை அதிகம். கோபத்தோடு முழுசாகப் பார்த்தாலும் பார்த்த கணக்குதான். "பாருடா இவனுங்க அட்டகாசத்தை" என்று அனுப்பினாலும் அனுப்பிய கணக்குதான்.

போனைப் பிடுங்காதீர்கள். ஒரே ஆப்பில் ஐந்து கணக்கு வரை வைத்துக்கொள்ளலாம். பிடுங்கினால் இரண்டாவது கணக்கு கூட்டாளி போனில் திறக்கும், அதை நீங்கள் பார்க்கவே முடியாது. அதற்குப் பதிலாக ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பது ரீல் தள்ளச் சொல்லுங்கள். நோட்டில் நாலு கட்டம்: சாதி, வண்டி-பணம், காமெடி, மற்றது. கோடு போடுவது அவன் வேலை, நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எண்ணிக்கையை அவனே பார்க்கட்டும்.

பிறகு இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் 'கன்டென்ட் பிரிஃபரன்சஸ்' போய் 'ரீசெட் சஜெஸ்டட் கன்டென்ட்' கொடுக்கச் சொல்லுங்கள். பலரும் இதோடு நிறுத்திவிட்டு, ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது என்பார்கள். ரீசெட் பரிந்துரையைத்தான் துடைக்கும், அவன் ஃபாலோ செய்யும் கணக்குகள் அப்படியே நிற்கும். அதில் சாதி ரீல் போடும் கணக்குகளை அவன் கையாலேயே எடுக்க வேண்டும். அடுத்த பத்து நாள் அந்த மாதிரி ரீல் வந்தால் உடனே தள்ளிவிட்டு, 'நாட் இன்ட்ரஸ்டட்' ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் போதாது. யூடியூபில் இன்னும் சுலபம்: வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்தி வைத்தால் முகப்பே காலியாகிவிடும்.

இன்ஸ்டாகிராமில் அவன் கொடுத்திருக்கும் பிறந்த வருஷத்தையும் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கைத் தானாகவே பிரைவேட் ஆக்கி, ராத்திரி பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்பை நிறுத்தும் டீன் அக்கவுண்ட் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இதெல்லாம் வேலை செய்யாது. நிறையப் பேர் கூட்டித்தான் போட்டிருக்கிறார்கள்.

பயோவில் இருக்கும் பெயரை நீங்கள் அழிக்க வேண்டாம். அழித்தால் அதுவே ஒரு வீரம் ஆகிவிடும். "உன் கிளாஸ்ல பக்கத்துல உக்கார்றவன் இதைப் படிச்சா என்ன நினைப்பான்?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

வயல் விஷயத்தில் சேற்றில் இறக்குவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குறுவை அறுப்புக்கு முன்னால் நெல் கொள்முதலுக்கு ஆன்லைனில் பதியும் வேலையை அவனிடம் விடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் நாலையும் கையில் கொடுத்து, சர்வே எண் ஒன்றுகூடத் தப்பாமல் ஏற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் பக்கத்து வயல்காரரையும் அவனிடமே அனுப்புங்கள். அவர் "தம்பி, நமக்கும் கொஞ்சம் போட்டுக் குடுப்பா" என்று வாசலில் வந்து நிற்கட்டும்.