நாடகக் கோமகன் இரண்டாம் ஜார்ஜ்: கேள்வி பதில்

கே: இரண்டாம் ஜார்ஜ் ஆண்ட சாக்ஸ்-மைனிங்கன் என்று ஒரு நாடு இருந்ததா? வரைபடத்தில் தேடித் தேடிக் கண் வலிக்கிறது.

ப: ஜெர்மனியின் நடுவில், தூரிங்கியா பக்கம் தேடுங்கள். குட்டி நாடுதான். ஆனால் அங்கே பிறந்த இளவரசி அடிலெய்ட் இங்கிலாந்து ராணியானார். ஆஸ்திரேலிய நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் ஜார்ஜுக்கு அவர் அத்தை.

கே: 1866இல் அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் பட்டத்துக்கு வந்தது எப்படி?

ப: அந்த ஆண்டு ஆஸ்திரியாவும் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் நாடும் மோதின. அப்பா பெர்ன்ஹார்ட் ஆஸ்திரியா பக்கம் நின்றார். பிரஷ்யா வென்றது, படையும் உள்ளே வந்துவிட்டது. மகனோ பிரஷ்யாவோடு ஒத்துப்போகிறவர், முதல் மனைவியும் பிரஷ்ய இளவரசி. அப்பா விலகினார், நாடு தப்பியது.

கே: நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டாராமே?

ப: ஆமாம், எலன் ஃபிரான்ஸ், 1873இல். மூன்றாவது திருமணம். அப்பாவுக்குக் கொதிப்பு, பெர்லினில் பேரரசருக்கும் பிடிக்கவில்லை. எலனுக்குக் கோமகள் பட்டம் கிடையாது. ஹெல்ட்பர்க் சீமாட்டி என்ற பெயரோடு சரி. நடிகர்களுக்கு வசனம் பழக்கியது இவர்தான்.

கே: நாடகத்தில் அப்படி என்ன புதுமை? எல்லா அரண்மனையிலும்தான் நாடகம் போட்டார்கள்.

ப: கூட்டத்தைப் பாருங்கள். அதுவரை கதாநாயகன் முன்னால் நின்று முழங்குவார், பின்னால் கூலிக்கு வந்த நாற்பது பேர் மரம் மாதிரி நிற்பார்கள். ஜார்ஜ் அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்த நடிகர் ஒருவரைத் தலைவராக வைத்தார். இன்று நாயகனாக நடித்தவர் நாளை கூட்டத்தில் ஒருவர். மாட்டேன் என்று சொல்ல முடியாது. 1874 மே 1 அன்று பெர்லினில் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’. சீசரின் பிணத்தருகே ஆண்டனி பேசப் பேச ரோமாபுரி ஜனங்கள் முணுமுணுத்து, தயங்கி, கடைசியில் பொங்குவதுதான் அன்றைய பேச்சு. உடைகளை ஜார்ஜே படம் வரைந்து கொடுத்தார். துணியும் கவசமும் கனமாக இருந்தால்தான் நடையில் அந்தக் காலம் தெரியும் என்பது கணக்கு.

கே: நாடகக் குழுவோடு அவரும் ஊர் ஊராகப் போனாரா?

ப: பெரும்பாலும் இல்லை. பயணங்களை முன்நின்று நடத்தியவர் குழுவின் இயக்குநர் லுட்விக் குரோனெக். 1890இல் அவர் உடல் தளரவே பயணங்களும் நின்றன. அதே ஆண்டு மாஸ்கோவில் அவர்கள் நாடகங்களைப் பார்த்தவர்களில் பின்னாளில் புகழ்பெற்ற ரஷ்ய நாடக இயக்குநரான இளம் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் ஒருவர்.

கே: சங்கீதம்?

ப: ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காவது சிம்பொனி முதன்முதலில் ஒலித்தது தலைநகர் மைனிங்கனில்தான், 1885 அக்டோபர் 25. நடத்தியவரும் பிராம்ஸேதான். இசை நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ பயிற்றுவித்த வாத்தியக் குழு அது. என்னைக் கேட்டால், நாடகப் புகழ் இதைக் கொஞ்சம் மறைத்துவிட்டது.

கே: ஜார்ஜின் மைனிங்கன் நாடக அரங்கம் இன்னும் இருக்கிறதா?

ப: பழையது 1908 மார்ச்சில் எரிந்துபோனது. அப்போது அவருக்கு 81 வயது. சோர்ந்து உட்காரவில்லை, 1909 டிசம்பரில் புதிய அரங்கத்தைத் திறந்துவிட்டார். நாடகம் இன்றும் அங்கே நடக்கிறது. ஜார்ஜ் 1914 ஜூனில் காலமானார். மகனுக்குக் கிடைத்தது நான்கே வருடம். 1918 நவம்பரில் மற்ற ஜெர்மன் சிம்மாசனங்களோடு அதுவும் போயிற்று.