உன்னிடம், என்னிடம்

அன்புள்ள ஐயா,

என் மகள் நாள் முழுவதும் யூட்யூபில் கவர் பாடல்களையே கேட்கிறாள். அசல் பாட்டு கையிலேயே இருக்கும்போது நகலை ஏன் கேட்க வேண்டும்? ஒருவர் பாடுபட்டு உண்டாக்கியதை இன்னொருவர் எடுத்துப் பாடிப் பெயர் வாங்குவது சரியா? அசலைவிட மேல் என்று நீங்கள் நினைக்கும் கவர் ஒன்றாவது உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஆனால் முதலில் உங்கள் குறையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வேகத்தைக் குறைத்து, ஒரு கிடாரை வைத்துக்கொண்டு, குரலைக் குழைத்துப் பாடிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அந்த வரிகளைத் தான் ஏன் சொல்ல வேண்டும் என்று பாடுகிறவருக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' (மரியாதை). அது அவருடைய சொந்தப் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். எழுதி, 1965இல் முதலில் பாடியவர் ஓடிஸ் ரெடிங். வெளியே போய்விட்டு வீடு திரும்பும் ஓர் ஆணின் பாட்டு அது. நீ விரும்புவதெல்லாம் உன்னிடம் இருக்கிறது, என் பணமெல்லாம் உனக்குத்தான், நான் இல்லாதபோது எனக்குத் துரோகம் செய்தாலும் போகட்டும், வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் மரியாதை கொடு என்கிறான். ஓடிஸின் கரகரத்த குரலில் கெஞ்சலும் ஆவேசமும் சேர்ந்தே வரும். நல்ல பாட்டு, சந்தேகமே இல்லை.

1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீதா அதைப் பதிவு செய்தார். வயது 24. முதல் வரியிலேயே ஒரு சொல்லை மாற்றினார். தமிழில் சொல்வதானால், 'உன்னிடம் இருக்கிறது' என்பது 'என்னிடம் இருக்கிறது' ஆயிற்று. உ போய் எ வந்தது, அவ்வளவுதான். இப்போது பேசுகிறவள் வீட்டிலிருக்கும் பெண். பணம் தருகிறவளும் அவளே. நீ இல்லாதபோது நான் தப்பு செய்ய மாட்டேன் என்கிறாள். காரணமும் சொல்கிறாள்: எனக்கு அதில் விருப்பமில்லை. பயமில்லை, கடமையில்லை, விருப்பமில்லை! இந்த இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிற குரல் அது.

பாட்டு முடியப்போகும் நேரத்தில் வாத்தியங்கள் நின்று நின்று அடிக்க, அந்த ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்கிறார். ஆர், ஈ, எஸ், பி, ஈ, சி, டி. ஓடிஸின் பாட்டில் இது கிடையாது. எத்தனை சொல்லியும் மண்டையில் ஏறாத பிள்ளைக்கு டீச்சர் பலகையில் எழுதிக் காட்டுவது போல இருக்கும். பின்னால் அவருடைய சகோதரிகள் கேரலினும் எர்மாவும் 'ரீ, ரீ, ரீ' என்கிறார்கள். அது அந்தச் சொல்லின் முதல் அசை. அரீதாவை வீட்டில் கூப்பிடுவதும் அப்படித்தான்.

எடுத்துக்கொள்வது சரியா என்றீர்கள். அமெரிக்காவில் ஒரு பாட்டு ரேடியோவில் ஒலித்தால் பணம் எழுதியவர் பக்கம்தான் போகும், பாடியவருக்கு இல்லை. அரீதாவின் குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் வருமானம் ஓடிஸ் பக்கம் போயிற்று. அநியாயம் நடந்தது என்றால் அது அரீதாவுக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நைன் இஞ்ச் நெயில்ஸ் ராக் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் இருபதுகளில் எழுதிய 'ஹர்ட்' பாட்டை, 2002இல் 70 வயது ஜானி கேஷ் பாடினார். அவரும் மாற்றியது ஒரு சொல்தான். வசைச்சொல் இருந்த இடத்தில் முள் வந்து, கிரீடம் முள்கிரீடம் ஆயிற்று. அடுத்த ஆண்டே கேஷ் இறந்துவிட்டார். இளைஞன் எழுதிய வரிகளைக் கிழவர் சொல்லும்போது அவை வேறாகிவிடுகின்றன.

ஒரு நாள் மகளோடு உட்காருங்கள். முதலில் ஓடிஸ், அப்புறம் அரீதா. அப்புறம் மறுபடியும் ஓடிஸ்: 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மாண்டரே இசை விழா மேடையில் பாடியது. அரீதாவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த அதே மாதம். ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோன பாட்டு என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, அதையே பாய்ச்சலாகப் பாடுகிறார். டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

அன்புடன்.