மருந்து தெளிக்கும் விமானத்தைப் போருக்கு மாற்றுவது அறிவார்ந்த செயலா?

அமெரிக்கா ‘ஸ்கைரெய்டர் 2’ என்ற பெயரில் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை ராணுவத்துக்கு வாங்குவது கேலிக்குரியதா, சரியான முடிவா என்பது கேள்வியின் முதற்பகுதி. சேலத்தில் அமையும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நாமும் இப்படி ஒன்றைச் செய்யலாமா என்பது இரண்டாம் பகுதி. விமானப்படையில் எஞ்சின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது சேலத்தில் வசிப்பவன் நான். ஆகவே ஓட்டுபவரின் கண்ணோட்டத்தை விட, கொட்டகையில் நின்று அதைப் பிரித்து மாட்டுபவரின் கண்ணோட்டமே இப்பதிலில் மிகுந்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், யோசனை நல்லது, வாங்கிய காலம்தான் தவறு.

ஸ்கைரெய்டர் 2, டெக்சாஸ் மாநிலத்தின் ஓல்னி நகரில் உள்ள ஏர் டிராக்டர் நிறுவனத்தின் ஏடி-802 விமானத்தை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 800 கேலன், அதாவது ஏறத்தாழ 3,000 லிட்டர் மருந்து கொள்ளும் தொட்டி அதில் உண்டு. விமானத்தின் வெற்று எடை ஏறத்தாழ 3 டன். சுமையும் எரிபொருளும் ஏற்றியபின் அது 7 டன்னுக்கு மேல் எடையுடன் மேலெழும். தன் எடையைக் காட்டிலும் அதிகமான பளுவைத் தூக்கிக்கொண்டு, செம்மண் ஓடுபாதையிலிருந்து ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும் விமானங்கள் வேறு வகைகளில் அரிது.

என் பார்வையில் மிக முக்கியமானது அந்தத் தொட்டி இருக்கும் இடம். மருந்து தீரத் தீர விமானத்தின் மூக்கு எழவும் கூடாது, தாழவும் கூடாது என்பதால், தொட்டியை எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில், ஈர்ப்பு மையத்தை ஒட்டி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த இடத்தில் மின்னணுக் கருவிகளையோ கூடுதல் எரிபொருளையோ வைத்தாலும் விமானத்தின் சமநிலை அவ்வளவாகக் கெடுவதில்லை. விமானி பின்னால், உயரமாக, எஃகுக் குழாய்ச் சட்டத்துக்குள் அமர்ந்திருப்பார். விபத்து நேர்ந்தால் பாரம் அவருக்கு முன்னால் இருக்குமே தவிர முதுகில் வந்து மோதாது. உடற்பகுதியின் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யலாம். பூச்சிமருந்தின் அரிப்பைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, போர்க்களப் பராமரிப்பாளருக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன்.

எஞ்சின் பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 குடும்பத்தைச் சேர்ந்தது. நம் விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானங்களிலும் இதே குடும்பத்தின் சிறிய வடிவம்தான் இருக்கிறது. இதில் காற்று பின்புறமாக நுழைந்து முன்னோக்கிச் செல்லும்; புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைனுக்கும் காற்றை அழுத்தும் பகுதிக்கும் இயந்திரத் தொடர்பு கிடையாது. எனவே எஞ்சினை விமானத்திலிருந்து இறக்காமலேயே முன்பாதியைப் பிரித்தெடுத்து, வெப்பப் பகுதியைச் சோதித்துவிட்டு மீண்டும் பூட்டிவிடலாம். சிறு குழுவும் சில கருவிப் பெட்டிகளும் போதும். ஒரு ஜெட் போர் விமானத்துக்கு வேண்டிய ஆள்பலத்தோடு இதை ஒப்பிட்டால், ராணுவத்தினர் இதை ஏன் தேடி வந்தார்கள் என்பது விளங்கும்.

இது புதிய எண்ணமும் அன்று. சோவியத் நாட்டின் போ-2 விமானம் பயிற்சிக்கும் மருந்து தெளிப்புக்கும் பயன்பட்டது. இரண்டாம் உலகப்போரில் 588-ஆவது பெண்கள் படைப்பிரிவு இரவு நேரக் குண்டுவீச்சுக்கு அதையே எடுத்துச் சென்றது. வேளாண் பணியை மனத்தில் வைத்து உருவான அன்டோனோவ் அன்-2 விமானத்திலிருந்து 1991-இல் குரோவேஷியர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் குண்டாக்கி வீசினார்கள். ஏடி-802 இதே பாதைக்கு வந்தது கொலம்பியாவில். கோக்கெய்ன் போதைப்பொருளுக்கான கோக்கா பயிரை அழிக்க மருந்து தெளித்தபோது தரையிலிருந்து துப்பாக்கியால் சுட்டதால், விமானி அறையைச் சுற்றிக் கவசம் பூட்டினார்கள். 2009 பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஆயுதம் தாங்கிய வடிவம் காட்சிக்கு வந்தது. பிறகு ஐக்கிய அரபு அமீரகம் இத்தகைய விமானங்களை வாங்கி, லிபியாவிலும் ஏமனிலும் பயன்படுத்தியது.

அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைமையகம் 2022 ஆகஸ்டில் எல்3ஹாரிஸ் என்ற பாதுகாப்புத் தொழில்நுட்ப நிறுவனத்துடன் இணைந்த ஏர் டிராக்டரைத் தேர்ந்தெடுத்தது. தளத்திலிருந்து 200 கடல் மைல் சென்று, அங்கே 6 மணி நேரம் வட்டமிட்டுக் கண்காணித்து, தேவைப்பட்டால் தாக்கிவிட்டுத் திரும்பும் என்பது தயாரிப்பாளரின் கூற்று. ஆப்கானிஸ்தானிலும், ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியிலும் சிறு குழுக்களாக இயங்கிய வீரர்களுக்கு அது பொருத்தமான துணை. ஆனால் ஆப்கானிஸ்தானை விட்டு அவர்கள் 2021-இலேயே வெளியேறிவிட்டார்கள். 2024-இல் சாஹேலில் உள்ள நைஜரையும் விட்டார்கள். 75 விமானங்களுக்கான தேவை நியாயப்படுத்தப்படவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023 டிசம்பரில் அறிக்கை தந்தது. பின்னர் எண்ணிக்கை 62 ஆகக் குறைந்தது. மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமிடும் விமானம், தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கு எளிய இலக்கு. ஆர்மீனியாவுடனான 2020 கராபாக் போரில் அஜர்பைஜான் பழைய அன்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டதே, எதிரியின் வான்பாதுகாப்பு அவற்றைச் சுட்டுத் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். (வால் சக்கர விமானத்தைத் தரையிறக்கும் பழக்கம் இன்றைய ராணுவ விமானிகளில் பலருக்கு இல்லை என்பதும் ஒரு செலவு, அதை விற்பனைக் கையேடுகள் எழுதுவதில்லை.)

இதற்கு ஓர் எதிர்காலம் உண்டென்றால் அது ட்ரோன் வேட்டையில்தான். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துவரும் ஈரானிய ஷாஹெத் வகைத் தற்கொலை ட்ரோனுக்கு ஜெட் விமானம் தேவைக்கு மிஞ்சிய வேகம் உடையது. அதன் ஏவுகணையோ ட்ரோனைவிடப் பன்மடங்கு விலை. உக்ரைன் 2024-இல் யாக்-52 என்ற பயிற்சி விமானத்தின் பின்னிருக்கையில் துப்பாக்கி வீரரை அமர்த்தி ட்ரோன்களை வீழ்த்தியது. லேசர் வழிகாட்டும் 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளை அமெரிக்க எஃப்-16 விமானங்களே ட்ரோன்களுக்கு எதிராக ஏவியிருக்கின்றன. ஸ்கைரெய்டர் 2 அவற்றைச் சுமக்கக்கூடியது, வானில் காத்திருக்கவும் தெரிந்தது.

இனி நம் ஊர். 1970-களில் நம் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். ‘பசந்த்’ என்ற வேளாண் விமானத்தைச் செய்தது. ஏறத்தாழ 40 விமானங்களோடு 1980-இல் உற்பத்தி நின்றது. எனவே மாற்றியமைக்க நம் கையில் அடிப்படை விமானமே இல்லை. ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலுக்கு அடியில் காப்பி வளர்வதால் வானிலிருந்து மருந்து தெளிப்பது பயன்படாது. சமவெளி வயல்களுக்கு இப்போது சிறு ட்ரோன்கள் வந்துவிட்டன. போர்த் தேவையும் மெலிந்ததே: லடாக்கின் உயரத்துக்கு இவ்விமானம் ஏற்றதன்று, மேற்கு எல்லையின் வான்பாதுகாப்பு இதை விட்டுவைக்காது, உள்நாட்டில் வானிலிருந்து சுடுவதை, 1966-இல் கிளர்ச்சியை அடக்க இன்றைய மிசோரமின் ஐஸ்வாலை நம் விமானப்படை தாக்கியதற்குப் பின் நாம் தவிர்த்தே வருகிறோம். எதிர்த்திசை மாற்றத்தை மட்டும் நம் விமானப்படை அழகாகச் செய்தது: 2020 வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போது சண்டிகரில் உள்ள பணிமனை எம்ஐ-17 ஹெலிகாப்டருக்கு 800 லிட்டர் தொட்டியும் தெளிப்பான்களும் பொருத்தியது. சேலத்துப் பட்டறைகள் முழு விமானத்தைக் கனவு காண்பதைவிட, அத்தகைய தொட்டி, தாங்குசட்டம், ராக்கெட் குழாய், ட்ரோன் உதிரிப் பாகங்கள் ஆகியவற்றுக்குத் தரச்சான்று பெற முயல்வதே நடக்கக்கூடியது என்று நான் கருதுகிறேன். அச்சான்று பெறுவதற்கே ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், தொடங்க நினைப்பவர்கள் இயந்திரம் வாங்குவதற்கு முன் தர ஆவணங்களைத் தயாரிக்கத் தெரிந்த ஒருவரை வேலைக்கு எடுப்பது நல்லது.