மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா: உங்க சந்தேகத்த கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. ப்ராடக்ட், ஃபேஷன், பெயின்டிங் காப்பி எடுக்குறதுன்னு என் வேலை பூரா மீடியம் ஃபார்மட்லதான் (ஃபுல் ஃபிரேம விட பெரிய சென்சார் இருக்குற கேமரா) ஓடுது. ஒவ்வொண்ணா பதில் போடுறேன், சிலது நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் இருக்கு. 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட்டுக்குப் போனா பளிச்சுனு வித்தியாசம் தெரியுமா?

தம்பி, நீங்க எந்த ஷேப்ல படம் குடுக்குறீங்கங்கறதப் பொறுத்தது. ரெண்டு சென்சார்லயும் ஒரு பிக்சலோட அளவு ஒண்ணுதான், 3.76 மைக்ரான். அதே டைல்ஸ்தான், ஹால் மட்டும் பெருசு. ஃபுல் ஃபிரேம் 36x24 மிமீ, ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 100, ஹாசல்பிளாட் எக்ஸ்2டி எல்லாம் ஏறக்குறைய 44x33 மிமீ. 9504x6336 பிக்சல் இருந்த இடத்துல 11648x8736 கிடைக்குது. நீளத்துல பெருசா ஏறல பாருங்க, அகலத்துலதான் ஏறுது. அதனால பத்திரிகை பக்கம் மாதிரி 4:5ல வெட்டிக் குடுக்குற ஆளா இருந்தா உங்க 61 வெறும் 50 ஆயிடும், இங்க 95 கிட்ட நிக்கும், கிட்டத்தட்ட டபுள். 3:2லயே குடுக்குறவர்னா 61க்கு 90, அவ்வளவுதான். மொதல்ல போன வருஷம் டெலிவரி பண்ண படங்கள தெறந்து என்ன ஷேப்ல போயிருக்குன்னு எண்ணிப் பாருங்க, அப்புறம் காசப் பத்தி யோசிக்கலாம்.

கேள்வி: கைல புடிச்சு எடுத்தா 100%ல ஜூம் பண்ணும்போது லேசா கலங்கித் தெரியுது சார். லென்ஸ் ஃபால்ட்டா?

பெரும்பாலும் லென்ஸ் இல்லைங்க. நானும் ஆரம்பத்துல ஒரு போர்ட்ரெய்ட் ஷூட்ல 110 மிமீ லென்ஸ்ல 1/125 ஷட்டர் வச்சு எடுத்தேன், கேமரா ஸ்க்ரீன்ல கண்ணாடி மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு வந்து மானிட்டர்ல பாத்தா ஒவ்வொரு கண் இமை முடியும் ரெண்டு ரெண்டா தெரியுது. ஸ்டெபிலைசேஷன் என் கை ஆட்டத்தத்தான் புடிச்சுச்சு, அந்தப் பொண்ணு மூச்சு விட்டு அசைஞ்சத அது என்ன பண்ணும்? ஃபோக்கல் லெங்த் எவ்வளவோ அதுக்கு ரெண்டு மூணு மடங்கு ஷட்டர் வைங்க, 110னா 1/250க்குக் கீழ நான் இறங்குறதே இல்ல. ஐஎஸ்ஓ ஏறுனா ஏறட்டும், நாய்ஸ எடுத்துடலாம், ஆட்டத்த எடுக்க முடியாது.

கேள்வி: வாட்ச், நகை எடுக்குறேன். முழுசா ஷார்ப்பா வேணும்னு எஃப் 16, 22ன்னு வைக்கிறேன், ஆனா டல்லா வருது.

டிஃப்ராக்ஷன், அதாவது லென்ஸோட துளை சின்னதாக ஆக ஒளி விரிஞ்சு போறது. எஃப் 16ல ஒரு ஒளிப் புள்ளி சென்சார்ல விழும்போது சுமார் 21 மைக்ரான் அகலத்துக்கு விரிஞ்சுடும், உங்க பிக்சலே 3.76தான், அப்போ ஒரு புள்ளி அஞ்சாறு பிக்சல் மேல பரவுது, 100 மெகாபிக்சலுக்குக் குடுத்த காசு அங்கயே கரைஞ்சுடுது. எஃப் 8ல வச்சு ஃபோகஸ் பிராக்கெட்டிங் (ஃபோகஸ கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பல படம் எடுக்குறது) போட்டு, எல்லாத்தயும் ஒரே படமா அடுக்குங்க. ஒரு வாட்ச் டயலுக்கு நான் சில சமயம் 30, 40 ஃபிரேம் எடுப்பேன். பொறுமை வேணும், ஆனா முள்ளுல இருக்குற பிரஷ் கோடு வரைக்கும் வரும்போது மனசு நிறைஞ்சுடும்.

கேள்வி: ஃபியூஜியா ஹாசல்பிளாடா?

வெயில்ல ஃபிளாஷ் போட்டு எடுக்குற ஆளா நீங்க? அப்போ ஹாசல்பிளாட். அவங்க எக்ஸ்சிடி லென்ஸுக்குள்ளயே ஷட்டர் (லீஃப் ஷட்டர்) இருக்கறதால 1/2000 வரைக்கும் ஃபிளாஷ் முழுசா சிங்க் ஆகும், சில லென்ஸ்ல அதுக்கும் மேல. லென்ஸ் மாத்துற ஜிஎஃப்எக்ஸ்ல ஷட்டர் பாடிக்குள்ள இருக்கு, 1/125 தான். நடுவுல நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது), வானத்த இருட்டாக்கி முகத்துல லைட் போடணும்னா இது பெரிய விஷயம். அதுக்கு மேல வேகத்துலயும் ஃபிளாஷ் அடிக்க ஹை ஸ்பீட் சிங்க் இருக்கேன்னு கேப்பீங்க, அது ஃபிளாஷோட பவர குடிச்சுடும். மத்தபடி ஆட்டோஃபோகஸ் வேகம், லென்ஸ் வகை, வீடியோன்னா என் ஓட்டு ஃபியூஜிக்குத்தான்.

கேள்வி: 16 பிட் ரா (கேமரா பதப்படுத்தாம பதியுற ஃபைல்) அவசியமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, குழப்பமா இருக்கு.

நிழல் பகுதிய கன்னாபின்னான்னு தூக்குனாத்தான் ஏதோ தெரியும். எக்ஸ்போஷர் சரியா இருந்தா 14 பிட் போதும்.

கேள்வி: சட்டைத் துணில வானவில் மாதிரி கோடு விழுது, எடிட்ல போக மாட்டேங்குது.

அது மொய்ரே. இந்த கேமராக்கள்ல லோ பாஸ் ஃபில்டர் (ரொம்ப நுணுக்கமான கோடுகள லேசா மழுக்குறது) கிடையாது, துணியோட நூல் வரிசையும் பிக்சல் வரிசையும் ஒண்ணோட ஒண்ணு மோதுனா இப்படி வரும். எடிட்ல துடைக்கப் போனா துணியோட நெஜக் கலரும் சேந்து போயிடும், துணி விக்கிற கிளையன்ட் அதுக்கு ஒத்துக்க மாட்டாரு. ஷூட்லயே 100%ல பாருங்க, தெரிஞ்சா ஒரு அடி முன்னப் பின்ன நகருங்க, இல்ல கேமராவ லேசா சாய்ங்க. இந்த ஒரு எடத்துல எஃப் 16 உதவி பண்ணும், மேல திட்டுன அதே டிஃப்ராக்ஷன்தான்.

கேள்வி: பழைய 50 மெகாபிக்சல் பாடி செகண்ட்ஸ்ல வாங்கலாமா?

தாராளமா. 2014ல வந்த பென்டாக்ஸ் 645இசட், 2017ல வந்த ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், ரெண்டுலயும் அதே 44x33 சைஸ்தான், பிக்சல் பெருசு, ஆட்டத்தயும் கொஞ்சம் மன்னிக்கும். 50எஸ்ல ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறை, மெதுவா தேடும், ஓடுற குழந்தைக்கு ஆகாது, ஸ்டாண்ட்ல வச்சு எடுக்குறவங்களுக்குக் கவலையே இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி எஃப் 16 வச்சு வெள்ளைச் சுவத்த அவுட் ஆஃப் ஃபோகஸ்ல ஒரு படம் எடுத்து சென்சார்ல தூசியா கீறலான்னு பாருங்க. தூசின்னா ஊதுனா பெரும்பாலும் போயிடும், கீறல்னா பேசாம திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க.