கணினிக் கேள்வி-பதில்: விலையை மாற்றினால் மொத்தமே போய்விடுகிறது

கேள்வி: கடையில் எக்செல் 2010, ஆடிட்டர் ஆபீஸில் புது எக்செல். அவர்கள் சரிசெய்து அனுப்பிய இருப்பு ஃபைலைத் திறந்தால் தொகையெல்லாம் சரியாகவே தெரிகிறது. துவரம்பருப்பு விலையை மாற்றி என்டர் தட்டியதும் அந்த வரியில் ‘நேம்’ என்ற பிழை வந்து, அடியில் மொத்தமும் போய்விடுகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
— மளிகை மொத்தக்கடைக் கணக்குப்பிள்ளை, கீழமாசி வீதி, மதுரை

பதில்: கெடவில்லை. எக்செல் ஃபார்முலாவோடு கடைசியாகக் கிடைத்த விடையையும் சேர்த்தே சேமிக்கிறது. திறந்ததும் நீங்கள் பார்ப்பது ஆடிட்டர் ஆபீஸில் வந்த விடை. விலையை மாற்றியதும் உங்கள் 2010 தானே கணக்குப் போடப் பார்க்கிறது. அதற்குத் தெரியாத ஃபங்ஷன் அங்கே இருப்பதால் கைவிரிக்கிறது. அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து ஃபார்முலா பாரைப் பாருங்கள். ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் ‘எக்ஸ்எல்எஃப்என்’ என்ற எழுத்துகள் நின்றால் காரணம் இதுதான். பெரும்பாலும் அது எக்ஸ்லுக்அப் ஆக இருக்கும்; பொருள் பெயரைத் தேடி அதன் விலையை எடுத்துத் தரும் ஃபங்ஷன் அது. எக்செல் 2021, 365 இரண்டிலும் உண்டு, 2019-இல்கூடக் கிடையாது.

கண்ட்ரோல்-எஃப் அழுத்தி, ‘லுக் இன்’ என்ற இடத்தில் ஃபார்முலாஸ் வைத்து அந்த எழுத்துகளைத் தேடினால் எத்தனை இடம் என்று தெரிந்துவிடும். அங்கெல்லாம் அதே வேலையைச் செய்யும் பழைய ஃபங்ஷனான வீலுக்அப் போடச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: வீலுக்அப்பில் அடைப்புக்குறிக்குள் நான்காவது இடத்தில் 0 கட்டாயம் வேண்டும். எக்ஸ்லுக்அப் அதுவாகவே சரியான பெயரைத்தான் எடுக்கும்; வீலுக்அப் 0 இல்லையென்றால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துவிடும். பிழை காட்டாமல் தப்பு விலை வந்து உட்காரும். இதுதான் ஆபத்து. பொருள் பெயருக்கு இடதுபக்கத்தில் விலை இருந்தால் வீலுக்அப் உதவாது. இண்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு ஃபங்ஷனையும் சேர்த்து எழுத வேண்டும். மேட்சிலும் கடைசியில் 0.

‘97-2003’ என்ற பழைய எக்செல் ஃபைல் வகையில் சேமித்து அனுப்பச் சொல்லாதீர்கள். இந்தப் பிழை அதனால் தீராது. அந்த வகையில் 65,536 வரி, 256 பத்திதான். மிஞ்சியது வெட்டுப்பட்டுப் போகும். உங்கள் 2010 புது வகை ஃபைலையே 10,48,576 வரி வரை படிக்கும்.

கேள்வி: சுங்குடிச் சேலை ஆர்டர் ஷீட்டைப் பெரிய மானிட்டரில் போட்டேன். லேப்டாப்பில் திறந்தால் தலைப்பு மட்டும் நிற்கிறது, கீழே நகரவே மாட்டேன் என்கிறது. சில தொகைகள் ‘####’ ஆகிவிட்டன.
— வாசகி, திருமங்கலம்

பதில்: ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டு நகராமல் நிறுத்திய மேல்வரிகளே லேப்டாப் திரையை அடைத்துக்கொண்டன. வியூ மெனுவில் அன்ஃப்ரீஸ் செய்து, பத்திப் பெயர்கள் உள்ள வரியை ஷீட்டின் முதல் வரியாக்கி, அதை மட்டும் ஃப்ரீஸ் செய்யுங்கள். கடைப் பெயர், முகவரி எல்லாம் பிரிண்டுக்கான ஹெடரில் போகட்டும்.

லேப்டாப்பும் 1920×1080 தானே என்று கேட்கலாம். விண்டோஸில் ஸ்கேல் 150% என்று இருந்தால் 1280×720 அளவுக்கான இடம்தான் கிடைக்கும். தேவையான பத்திகளைத் தேர்ந்தெடுத்து ‘ஜூம் டு செலக்ஷன்’ தரலாம். ஆனால் ஜூம் அளவும் ஃபைலோடு சேமிக்கப்படுவதால், அடுத்தவர் சேமித்தால் மாறிவிடும். ஆகவே எண்ணிக்கை, விலை, பாக்கி மூன்றையும் இடது ஓரத்துக்குக் கொண்டுவருவதே நிலைக்கும். ‘####’ என்றால் பத்தி அகலம் போதவில்லை, அவ்வளவுதான்; தொகை பத்திரமாக இருக்கிறது. பத்தி அகலத்தை எண்ணுக்குச் சரியாக ஒட்டி வைக்காமல் இரண்டு எழுத்து கூடுதலாக விடுங்கள்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் போனில் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன.
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: பாமினியில் உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துதான், எழுத்துரு இல்லாத இடத்தில் அதுவே தெரியும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றுங்கள். முழு ஷீட்டையும் மாற்றினால் ஆங்கிலத்தில் உள்ள பில் குறியீடுகள் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். பாதிப் பெயர் பாமினியிலும் பாதி யூனிகோடிலும் இருந்தால் கண்ணுக்கு ஒரே பெயர், எக்செலுக்கு வேறு வேறு. லுக்அப் எதுவும் பொருந்தாது.