வீட்டில் தமிழை நிறுத்தட்டுமா? மும்பைப் பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குச் சிறப்பாசிரியர் பதில்

செம்பூரிலிருந்து ஒரு அம்மா: பையன் மூணாவது, இங்கிலீஷ் மீடியம். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். "தமிழ், இந்தி, மராத்தி எல்லாம் சேர்ந்து குழப்புது, வீட்டுல தமிழ் பேசுறதை நிறுத்துங்க"ன்னு மிஸ் சொல்றாங்க. நிறுத்திடட்டுமா டீச்சர்?

நிறுத்தாதீர்கள் அம்மா. நாலு மொழி காதில் விழுவதால் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு, வருவதில்லை. தமிழை நிறுத்தினால் அவன் நன்றாகப் பேசும் ஒரே மொழியும் போய்விடும். கண், காது இரண்டையும் முதலில் சோதித்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு மற்ற எல்லா டாக்டரிடமும் போகிறவர்கள் நிறைய.

பிறகு வீட்டிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். புத்தகம் வேண்டாம், வாயால் மட்டும், தமிழில். 'பட்டம்' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டு 'க' வைத்தால் என்ன வரும்? 'மரம்' போலவே முடிகிற இன்னொரு வார்த்தை சொல்லு. கிழமைகளை வரிசையாகச் சொல்லு. இதையெல்லாம் டக்கென்று சொல்கிறான், இங்கிலீஷ் பாடத்தில் மட்டும் திணறுகிறான் என்றால், அந்த மொழி அவனுக்கு இன்னும் போதவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதற்கு வேண்டியது கதை கேட்பதும் பேச்சும். தமிழிலேயே ஒலியைப் பிரிக்கவும் மாற்றவும் தடுமாறினால்தான் டிஸ்லெக்ஸியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் இது வேறு மாதிரி தெரியும். இங்கிலீஷைவிடத் தமிழில் எழுத்தும் ஒலியும் நெருக்கமாக ஒட்டிப் போவதால், டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை தமிழைச் சரியாகவே வாசிக்கலாம், ஆனால் ரொம்ப மெதுவாக. "தப்பில்லாமத்தானே படிக்கிறான்" என்று விட்டுவிடுவோம். ல, ள, ழ குழம்புவதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். அப்படிப் பார்த்தால் நம்மில் பாதிப் பேருக்கு சர்டிபிகேட் கொடுக்க வேண்டியிருக்கும்.

எட்டு வயதுக்கு முன் கற்றல் குறைபாட்டை உறுதியாகச் சொல்வது கடினம். உங்கள் பையனுக்கு அந்த வயது வந்துவிட்டது. சயான் மருத்துவமனையில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது. அங்கே போகும்போது வீட்டில் பேசுவது தமிழ் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குப் பழக்கமில்லாத மொழியில் வைக்கும் சோதனையின் முடிவை நம்ப முடியாது.

தாராவி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை: என் வகுப்பில் காது மெஷின் போட்ட பெண் இருக்கிறாள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் பாதி புரியவில்லை என்கிறாள். வகுப்பில் கூட்டம் அதிகம், தனியாகக் கவனிக்க நேரமில்லை.

தனி நேரம் வேண்டாம் டீச்சர், பேசும் முறையை மாற்றினால் போதும். மெஷின் உங்கள் குரலை மட்டும் எடுத்துக் கொடுக்காது. ஃபேன், தெருச் சத்தம், பெஞ்சை இழுப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஜன்னலையும் ஃபேனையும் விட்டுத் தள்ளி, இரண்டாவது வரிசையின் ஓரத்தில் உட்கார வையுங்கள். நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கட்டும். அங்கிருந்து திரும்பினால் மற்றப் பிள்ளைகளின் முகமும் தெரியும். போர்டைப் பார்த்தபடி பேசாதீர்கள். பின் பெஞ்சில் யாராவது பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அவளுக்கு வகுப்பில் பாதி நழுவுவது அங்கேதான்.

டிக்டேஷனில் கவனம். 'பாடு', 'மாடு' இரண்டும் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும். தனி வார்த்தையாகச் சொல்லாமல் "மாடு புல் தின்றது" என்று வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர் மழைக்காலம். ஜூன் பிறந்தாலே ஈரத்தில் மெஷின் மக்கர் பண்ணும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள். ஜிங்க்-ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்ததும் ஒரு நிமிடம் காற்றாட விட்டுப் போட வேண்டும். பழுது என்றால் பாந்த்ராவில் காது கேளாதோருக்கான அலி யாவர் ஜங் நிறுவனம் இருக்கிறது. வருமான வரம்புக்குள் வருபவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் மெஷின் கிடைக்குமா என்று அங்கேயே கேட்கலாம்.

ஆன்ட்டாப் ஹில், ஒரு தாத்தா: பேத்திக்கு வலிப்பு உண்டு. வகுப்பில் வந்தால் கையில் சாவி கொடுக்கச் சொல்லி வைத்திருக்கிறோம்.

சாவி வேண்டாம் ஐயா, அதனால் வலிப்பு நிற்காது. வாயிலும் எதையும் திணிக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் பெஞ்சை நகர்த்தி, தலைக்கடியில் பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கட்டும்: 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தால், உடனே ஆஸ்பத்திரி. இதைத் தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.

முலுண்ட், ஒரு அப்பா: ஆட்டிசம் என்று தெரிந்ததும், "ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்கிறது பள்ளி. அட்மிஷன் தர மறுக்க முடியுமா?

முடியாது சார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, அரசு நிதி பெறும் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுத்து இலவசமாகப் படிக்கும் உரிமையை 31ஆம் பிரிவு தருகிறது. வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். முக்கால்வாசிப் பள்ளிகள் எழுத்தில் மறுக்காது.

சயான் கோலிவாடா, ஒரு அம்மா: பொண்ணு ஆறாவது, டிஸ்லெக்ஸியா சர்டிபிகேட் இருக்கு. இப்பவே ஸ்க்ரைப், அதான் அவ சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதுற ஆள், கேக்கலாமா?

கூடுதல் நேரத்தை இப்போதே கேளுங்கள். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் பொதுத்தேர்வுக்குச் சொன்னது, ஒவ்வொரு மணி நேரத் தேர்வுக்கும் 20 நிமிடத்துக்குக் குறையாமல். அதே கணக்கைப் பள்ளித் தேர்விலும் கேட்டுப் பழக்குங்கள். ஸ்க்ரைப் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. கை எழுதக்கூடிய பிள்ளைக்கு ஆறாவதிலேயே ஆள் வைத்தால் எழுதுவதையே விட்டுவிடுவாள். எட்டாவதிலிருந்து ஒன்றிரண்டு பாடத்தில் பழக்கலாம். பதிலைச் சொல்லி எழுத வைப்பதும் தனி வேலைதான்: எங்கே புது வரி, படத்தில் எந்தப் பாகத்துக்கு என்ன பெயர் என்று வாயால் சொல்லத் தெரிய வேண்டும். போர்டு பரீட்சைக்கான பேப்பர் வேலையை ஒன்பதாவதிலேயே ஆரம்பியுங்கள். பத்தாவது டிசம்பரில் போய் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம்.