மேம்பாலம் ஏறும்போது மட்டும் எலெக்ட்ரிக் வண்டி நின்றுபோகிறதா? கன்ட்ரோலரில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: சார், என்னிடம் இருப்பது லைசென்ஸ், பதிவு தேவைப்படாத சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். 60 வோல்ட், சீட்டுக்கு அடியில் ஐந்து லெட் ஆசிட் பேட்டரி, வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சமதரையில் நன்றாக ஓடுகிறது. சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஏறினால் பாதியில் இழுவை போய் நின்றுவிடுகிறது. டிஸ்ப்ளே அணைவதில்லை, ஆனால் நான்கு கட்டம் இருந்த சார்ஜ் ஒரே கட்டமாக இறங்கிவிடுகிறது. சாவியை ஆஃப் செய்து ஒரு நிமிஷம் விட்டு ஆன் செய்தால் மறுபடி நான்கு கட்டம், வண்டியும் ஓடுகிறது. மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வாங்கிய கடையில் பேட்டரி செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 64 வோல்ட் காட்டுகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. டிஸ்ப்ளே அணையவில்லை, கட்டம் மட்டும் சரிந்தது, கொஞ்சம் ஓய்வு கொடுத்ததும் திரும்பி வந்தது என்று மூன்றையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். இதைக் கவனிக்காமல் "திடீர்னு நின்னுபோச்சு" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போவதால்தான் நல்ல கன்ட்ரோலர்கள் நிறைய பழைய இரும்புக்குப் போகின்றன. உங்கள் கன்ட்ரோலர் கெடவில்லை என்பதுதான் என் கணிப்பு. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

எப்படி என்றால், பேட்டரி அளவுக்கு மீறி இறங்கிக் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு வோல்டேஜுக்குக் கீழே மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதை கன்ட்ரோலர் நிறுத்திவிடும். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றுக்கு 10.5 வோல்ட் என்பது கணக்கு, ஐந்துக்கு 52.5. உங்கள் கன்ட்ரோலர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் இந்த அளவையொட்டி ஒரு எண் இருக்கும், பாருங்கள். ஆனால் கன்ட்ரோலருக்குத் தெரிவது ஐந்தும் சேர்ந்த மொத்தம் மட்டும்தான், தனித்தனியாக எது எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஏற்றத்தில் நான்கு பேட்டரிகள் ஆளுக்கு 11.6 வோல்ட் தாங்கி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 46.4. ஐந்தாவது மட்டும் 6 வோல்டுக்குப் படுத்துவிட்டால் மொத்தம் 52.4, அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும். நான்கு பேட்டரியில் இன்னும் தெம்பு இருக்கும்போதே ஒன்று மொத்த வண்டியையும் நிறுத்திவிடுகிறது.

சமதரையில் ஏன் தெரிவதில்லை? வண்டியும் நீங்கள் இருவருமாகச் சேர்ந்து சுமார் 220 கிலோ இருப்பீர்கள். முப்பது அடிக்கு ஓர் அடி ஏறும் பாலத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 400 வாட் வேண்டும். சமதரையில் ஓடத் தேவையானதும் மோட்டாரில் வீணாவதும் இதற்கு மேல். சமதரையில் நான்கு ஆம்பியர் எடுத்த வண்டி அங்கே பன்னிரண்டு ஆம்பியர் கேட்கிறது. மூன்று மடங்கு. நோஞ்சான் பேட்டரி நான்கு ஆம்பியரை எப்படியோ கொடுத்துவிடும், பன்னிரண்டு கேட்டால் மூச்சுவாங்கும்.

அதனால்தான் அந்த 64 வோல்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியில், எதையும் இழுக்காத நிலையில், தேய்ந்துபோன பேட்டரிகூட 12.7 காட்டும். லோடு கொடுத்துப் பார்க்காத வோல்டேஜ் பேட்டரியின் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்ப்பதும் அதே கதைதான், சக்கரம் காற்றில் சுற்ற ஒன்றிரண்டு ஆம்பியரே போதும்.

முதலில் காசு செலவில்லாத வேலை. அந்தப் பாலம் ஏறி இறங்கிய கையோடு ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரியின் மெயின் சுவிட்சான எம்சிபியையும் ஆஃப் செய்துவிட்டு, சீட்டைத் தூக்கி ஒவ்வொரு இணைப்பின் மேலுறையையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதா? அது லூஸ். 12 ஆம்பியர் போகும் இடத்தில் கால் ஓம்கூட வேண்டாம், 0.2 ஓம் தடை இருந்தாலே 2.4 வோல்ட் அங்கேயே போய்விடும், கூடவே 29 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அந்தச் சூடு ஒரு போல்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். என்னிடம் ஒரு வண்டி வந்தது, வேறோர் இடத்தில் இரண்டு கன்ட்ரோலர் மாற்றியும் சரியாகவில்லை. மூன்றாவது பேட்டரியின் டெர்மினலை மூடியிருந்த சிவப்பு உறை வறுத்த வடகம்போல விறைத்திருந்தது, கழற்றினால் அடியில் வயர் முனை கருநீலமாகிக் கிடந்தது. வயர் முனையை வெட்டிப் புது லக் (டெர்மினலில் போல்டு போட வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கினோம், அதோடு சரி. நீங்கள் இறுக்கும்போது மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள், ஸ்பேனரின் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு டெர்மினலை ஸ்பேனர் ஒன்றாகத் தொட்டால் உலோகமே உருகித் தெறிக்கும்.

இணைப்பெல்லாம் சரி என்றால் அப்புறம் பல்பு. கார் ஹெட்லைட் ஹாலஜன் பல்பு, 60/55 வாட் என்று கேட்டால் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அதன் இரண்டு இழையும் ஒன்றாக எரிவதுபோல வயர் போட்டுக்கொண்டால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஏறக்குறைய உங்கள் பாலம்தான். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, எடுத்து இரண்டு மணி நேரம் விட்டு, எம்சிபி ஆஃபில் இருக்கும்போதே ஒரு பேட்டரியின் இரண்டு முனைகளில் மட்டும் பல்பைக் கொடுங்கள். பல்பை டைல்ஸ் மேல் வையுங்கள், கண்ணாடியைத் தொட்டால் கை வெந்துவிடும். மீட்டரை அதே முனைகளில் வைத்து ஐந்து நிமிஷம் பாருங்கள். நல்ல பேட்டரி 12.4 பக்கம் இறங்கி அங்கேயே நிற்கும், ஐந்து நிமிஷம் கழித்தும் 12-க்குக் கீழே போகாது. கெட்டது முதல் நிமிஷத்திலேயே 11.5, 11, 10 என்று வழுக்கிக்கொண்டே போகும், மீட்டரே வேண்டாம், வெளிச்சம் மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியும். ஐந்தையும் இப்படிப் பார்த்து எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தத் தாளைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு வருஷத்துக்குள் என்றால் தாராளமாக மாற்றலாம், பேட்டரியில் Ah என்று போட்டிருக்கும் ஆம்பியர்-ஹவர் அளவு மட்டும் அதேதான் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் ஓடிய செட்டில் புதிது ஒன்றைச் சேர்த்தால் மிச்சமிருக்கும் பழசுகளில் அடுத்தது சில மாதத்தில் படுக்கும். நான் செய்வது இதுதான்: பல்பு சோதனையில் மற்ற நான்கும் 12.2-க்கு மேல் நின்றால், அதே அளவில், அதே வயதில் நன்றாக இருக்கும் பேட்டரி ஒன்றைத் தேடிப் போடுவேன். இரண்டு கெட்டிருந்தால் செட்டையே மாற்றிவிடுவேன். எதுவாக இருந்தாலும் கெட்டதை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், மற்ற நான்கும் தள்ளும் கரண்ட் அதைத் தலைகீழாக சார்ஜ் செய்து வீங்க வைத்துவிடும்.

வேறு மாதிரி நிற்கும் வண்டிகளுக்குக் காரணமும் வேறு. டிஸ்ப்ளே, கட்டம் எல்லாம் அப்படியே இருந்து இழுவை மட்டும் போனால் பிரேக் லைட்டைப் பாருங்கள். இருட்டில் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பிரேக் பிடிக்காமலே சுவரில் சிவப்பு தெரிந்தால் லிவருக்குள் இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரேக் பிடித்ததாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்துகிறது. மழைக்காலத்தில் இது சகஜம். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் நின்றால் கழுத்துப் பக்கம் வயர் உள்ளே ஒடிந்திருக்கும். காலால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது, உறுமலோடு உதறுகிறது என்றால் மோட்டாருக்குள் இருந்து சுழற்சியைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்தான் காரணம்.

லிதியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஏற்றத்தில் டிஸ்ப்ளேயும் சேர்ந்து மொத்தமாக அணைந்து, சார்ஜர் மாட்டிய பிறகுதான் உயிர் வருகிறது என்றால் உள்ளே செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டு கட் செய்கிறது. ஒரு வரிசை செல் பலவீனமாகியிருக்கும் என்பதே பெரும்பாலும் காரணம். "பிஎம்எஸ்ஸைத் தாண்டி டைரக்ட் கொடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது தீப்பிடிக்காமல் காப்பாற்றும் கடைசித் தடுப்பு. பேக்கை வீட்டில் திறக்கவும் வேண்டாம்.

ஐந்து பேட்டரியும் பல்பு சோதனையில் தேறி, இணைப்பும் சுடவில்லை என்றால் மட்டும் கன்ட்ரோலரைப் பற்றிப் பேசலாம். அதுவரை பாலத்தில் தனியாகவே போங்கள். வழியில் நின்றால் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். முறுக்கிய கையோடு காத்திருந்தால் வோல்டேஜ் ஏறிய அந்த நொடியே வண்டி துள்ளிக் கிளம்பும், நீங்களே அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.